கையெழுத்துப் போடாத நோயாளி

கோட்டுச்சேரிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த இளவேனிலுக்குச் சுரக்குடியில் கொஞ்சம் நிலம் உண்டு. போன சம்பாவுக்கு ஆள் கிடைக்காமல் அவளே நடவுக்கு இறங்கினாள். அடுத்த மாதம் காய்ச்சல் வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருத்துவமனையில் காசநோய் என்றார்கள். சளியில் கிருமி தெரியவில்லை; ஆனாலும் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் விழுங்கினாள். வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி விழுங்கினாள். இளைத்துக்கொண்டே போனாள்.

மூச்சுத் திணறி அதே மருத்துவமனையில் படுத்தபோதுதான், புதிதாக வேலைக்கு வந்திருந்த டாக்டர் பஹீமா ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். மண்ணீரலில் சீழ் கட்டியிருந்தது. அதை ஊசியால் எடுத்து, கிருமியை வளர்த்து இனம் காணும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினாள். காசநோயே இல்லை, மெலியாய்டோசிஸ் என்று வந்தது. வயல் சேற்றில் வாழும் கிருமி. மருந்து மாறியதும் இளவேனில் பிழைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது முதலில் காசநோய் என்று மாத்திரை எழுதிய துறைத்தலைவர் டாக்டர் செம்பியன் பஹீமாவோடு வந்தார்.

"டீச்சர், உங்க கேஸ ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பறோம். பேரு வராது. சம்மதம்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"படிச்சிட்டுப் போடறேங்க."

ஆங்கிலத்தில் இருந்த கட்டுரையை நிதானமாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். நோயாளி மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளாததால் நிலைமை மோசமானது என்றிருந்தது.

"இத யாரு சொன்னாங்க சார்? நான் ஒரு வேளகூட விடலியே."

"வழக்கமா எழுதறதுதான். பேரே வராதும்மா, யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

செம்பியனின் குரல் இறுகியது. "நீங்க கையெழுத்துப் போடலன்னா இது வெளிய வராது. நாளைக்கு இதே நோயோட ஒருத்தர் வந்தா டாக்டருங்களுக்குப் புரியாம போயிடும். பரவால்லியா?"

அந்தக் கேள்வி அவளை உலுக்கியது. அந்த வரியை இன்னொருமுறை படித்தாள். பிறகு காகிதத்தை அவரிடமே நீட்டினாள்.

"இப்படி எழுதினா, மாத்திரை கேக்கலன்னா நோயாளி மேலதான் தப்புன்னு படிக்கறவங்க நெனப்பாங்க. அவங்களும் அதே மாத்திரைய குடுத்துக்கிட்டே இருப்பாங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க, போடறேன். இதுல போடமாட்டேன்."

"நான் எழுதினதுல அந்த வரி இல்ல சார்," என்றாள் பஹீமா. "கல்ச்சர முன்னாடியே பண்ணியிருக்கணும்னுதான் எழுதியிருந்தேன்."

"அப்ப என் பேர எடுத்துடு."

"எடுத்துடறேன் சார்."

அவர் போய்விட்டார். பஹீமா தன் பழைய பிரதியைக் கொண்டுவந்தாள். இளவேனில் அதை முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பஹீமாவை அவசரப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் கட்டுரையை முதல் இதழ் திருப்பியனுப்பியது, இன்னொன்று வெளியிட்டது.

மறுபரிசோதனைக்கு வந்த ஒருநாள் வார்டு வாசலில் இளவேனிலின் காதில் செம்பியனின் குரல் விழுந்தது. காசநோய் மாத்திரையில் குணமாகாத ஒரு விவசாயியின் கட்டிலருகே நின்று, "இவருக்குக் கல்ச்சர் அனுப்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வணக்கம் சார்," என்று வழியிலேயே நின்றாள்.

அவர் பதில் வணக்கம் சொன்ன பிறகுதான் விலகி வழிவிட்டாள்.