கீபோர்டுக்குள் ஒரு வெட்டு

ராத்திரி முழுக்க பேக்கரியில் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து பகலில் தூங்குகிறவனுக்கு, அக்காவின் கீபோர்டு பெரிய தலைவலியாகிவிட்டது. அத்தான் இறந்துபோன பிறகு அக்கா அவன் வீட்டோடு வந்துவிட்டாள். பழைய கீபோர்டு ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்து, ஒரே பாட்டின் ஒரே அடியைத் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டே இருப்பாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஒருநாள் அதன் அடிமூடியைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

எழுந்து வந்தால் அக்கா கூடத்தில், சத்தம் வராத கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஈரத்துணியால துடைச்சேன்டா. தண்ணி போயிருக்கும். நான் எதைத் தொட்டாலும் விளங்க மாட்டேங்குது."

அத்தானுக்குக் கடைசி வேளை மருந்து கொடுத்ததும் அவள்தான். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. முகம் கழுவப் போய்விட்டான்.

பொதுப் பட்டறை ஒன்று இருப்பதை அக்காவே விசாரித்துத் தெரிந்துகொண்டாள். யார் வேண்டுமானாலும் போய், அங்குள்ள கருவிகளை வைத்து எதையும் செய்யலாம், பழுது பார்க்கலாம். "தனியாத் தூக்க முடியல. கூட வாயேன்" என்றாள். எந்த முகத்தோடு மறுப்பது?

பழைய கிடங்கு அது. நீள மேசையில் ஒருவர் பொம்மைக்குக் கண் சிமிட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு இயந்திரம் பிளாஸ்டிக்கை உருக்கி, பல்சக்கரம் ஒன்றை அடுக்கடுக்காக வார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் 'டீச்சர்' என்று கூப்பிட்ட பெண் கீபோர்டைத் திறந்தாள். ஒயரின் இரு முனைகளையும் பார்த்தாள்.

"இதை இதுக்கு முன்னாடி யாராவது திறந்தாங்களா?"

"இல்லம்மா, தண்ணிதான். என் தப்பு" என்றாள் அக்கா.

டீச்சர் அவனைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா வெட்டினேன். தூக்கம் வரல."

அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் கெடுக்கலையா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். அவனுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

டீச்சர் சொல்லித்தர, அக்காவே ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டினாள். முதல் தடவை ஒட்டவில்லை. இரண்டாம் தடவை ஒட்டியது. கட்டையைத் தட்டினாள், சத்தம் வந்தது. பொம்மைக்காரர் கை தட்டினார்.

"ஹெட்ஃபோன் மாட்ட ஒரு துளை போட்டுக்கலாம். வீட்ல யாருக்கும் கேக்காது" என்றாள் டீச்சர். ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் வேலை!

"வேணாம்மா. இது இங்கேயே இருக்கட்டும். நான் வந்து வாசிச்சுட்டுப் போறேன். வரலாமில்ல?"

"தாராளமா வாங்க."

"வீட்டுக்கே கொண்டுபோகலாம்க்கா" என்றான் அவன்.

"நீ தூங்கணுமேடா."

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவனை அதிகம் குத்தியது. வெளியே வந்து வெறுங்கையோடு நடந்தார்கள். ஈயம் எப்படிச் சட்டென்று இளகியது என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வீடு வரும்வரை அவள் திட்டவே இல்லை.