செல்லுலித்

சிமோன் மூன்றாவது ட்யூபையும் பிதுக்கிக் காலி செய்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். தொடையின் மேடுபள்ளம் அப்படியே இருந்தது. தோல் மட்டும் சிவந்து எரிந்தது. கீழிருந்து மேலாக, இதயம் இருக்கும் பக்கமாகத் தேய்க்கச் சொல்லி அட்டையில் எழுதியிருந்தது. தேய்த்துத் தேய்த்து அவளுக்குத் தோள்பட்டைதான் வலித்தது.

முதல் க்ரீம் நேரு வீதியில் வாங்கியது. வெறும் பிசுக்கு. இரண்டாவது, பிரான்சில் துலோனிலிருந்து அக்காள் மகள் க்ளோயே அனுப்பியது. அதில் காப்பி வாசனை தூக்கலாக அடித்தது. "காப்பி போட்டியா? எனக்கு எங்க?" என்று கேட்டுக்கொண்டே கணவர் ழான்-மரி அறைக்குள் வந்துவிட, அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மூன்றாவதும் க்ளோயே அனுப்பியதுதான். பூசினால் சூடேறிக் கொழுப்பு கரையுமாம்.

ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் இது மகள் ஃபானியின் கல்யாண விஷயம். மாப்பிள்ளை யானின் அம்மா துலோனிலிருந்து போனில் சொல்லியிருந்தாள்: "ஜூலையில கல்யாணம் முடிஞ்சதும் எல்லாரும் கடலுக்குப் போறோம். நீங்க நல்லா நீந்துவீங்களாமே. நீச்சல் உடுப்பு எடுத்துட்டு வந்துடுங்க."

நீந்துவாள்தான். ழான்-மரி பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தபோது துலோனில் இவளைப் போல் நீந்திய தமிழ்ப்பெண் கிடையாது. இன்று சம்பந்தி வீட்டார் கடலில் இறங்க, பெண்ணைப் பெற்றவள் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பதா? இந்தக் குடும்பம் எந்தச் சபையிலும் பின்வரிசையில் உட்கார்ந்ததில்லை.

"இதெல்லாம் எதுக்குப் பூசற?" என்று ஒருநாள் ழான்-மரி கேட்டபோது, "செல்லுலித்துக்கு" என்று வெடுக்கென்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். அவருக்குத் தெரிந்தது பாரக்கில் சிப்பாய்கள் பேசும் பிரெஞ்சு. பெண்கள் பத்திரிகை பிரெஞ்சு தெரியாது. மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவளுக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் பக்கெட்டை அவரே தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தார். முப்பது வருஷத்தில் செய்யாத காரியம். இப்போதாவது புத்தி வந்ததே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தொடை எரிந்த எரிச்சலில் அவள் கோயிலுக்குப் போகவில்லை. ழான்-மரி தனியாகப் போய்விட்டு வந்து, மதில் பக்கம் நின்று அடுத்த வீட்டு சுலோசனாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். சுலோசனா, பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். என்ன பேச்சு என்று சிமோன் கேட்கவில்லை. படுத்திருந்தாள்.

புதன்கிழமை அரியாங்குப்பத்திலிருந்து மத்லேன் வந்தாள். யானின் அத்தை, சம்பந்தம் பேசிவைத்தவள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பார்வை சிமோனின் பாதத்திலேயே இருந்தது.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. காலு எப்பிடி இருக்குது?"

"எந்தக் காலு?"

"மறைக்காதீங்கக்கா. சுலோசனா எங்க ஊர்க்காரிதான். செல்லுலைட்டிஸாம், காலுல சீழ் புடிச்சிருக்குதாம். அது திரும்பத் திரும்ப வந்தா யானைக்கால்தான்னு சொல்றா. துலோன்ல யான் அம்மா, எங்க அண்ணி, போன்ல ஒரே அழுகை. குடும்பத்துல அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னா யோசிக்க வேணாமா?"

யானைக்கால். இந்த ஊரில் ஒரு வீட்டின் வாசலைச் சாத்த அந்த ஒரு வார்த்தை போதும். சிமோன் எழுந்து நின்றாள். கவுனை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தாள். கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"பாரு. நல்லாப் பாரு. இதுவா யானைக்காலு?"

மத்லேன் குனிந்தே பார்த்தாள். "அப்ப முசியே எதுக்கு அவகிட்ட அப்பிடிச் சொன்னாரு?"

சிமோன் திரும்பினாள். மூலையில் உட்கார்ந்திருந்த ழான்-மரி பேப்பரை இறக்கினார்.

"நீ சொன்னதத்தான் சொன்னேன். செல்லுலித்து, பிரான்ஸ்லேர்ந்து மருந்து வருதுன்னேன். ஒடம்பு முடியாம கெடக்கற, கேட்டவங்ககிட்ட மறைக்கணுமா?"

அவளுக்கு எல்லாம் விளங்கியது. பிரெஞ்சில் செல்லுலித் என்றால் தொடையில் மேடுபள்ளமாகத் திரளும் கொழுப்பு; இவர் சொன்ன அந்த வார்த்தை நர்ஸ் சுலோசனாவின் காதில் இங்கிலீஷ் நோயாக விழுந்திருக்கிறது. பக்கெட் தூக்கியதும் அந்த நோய்க்காகத்தான்.

ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாம். பிரெஞ்சு மத்லேனுக்கும் தெரியும். ஆனால் தீர்த்தால், சிமோன் கதவைச் சாத்திக்கொண்டு தொடைக்குக் க்ரீம் பூசும் கதை சாயங்காலத்துக்குள் துலோன் போய்ச் சேரும். தன்னை மட்டும் பற்றியதாக இருந்தால் நோயாளி என்றே இருந்துவிட்டுப் போயிருப்பாள். எதுவும் தெரியாமல் ஃபானி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய்க் காலி ட்யூபை எடுத்துவந்து மத்லேன் முன்னால் வைத்தாள்.

மத்லேன் அதைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தாள். உதடு துடித்தது. "மோன் தியே! செல்லுலித்! தொடைக்கா!" கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்தபடியே போனை எடுத்துத் துலோனுக்குப் போட்டாள். சிமோன் முதுகு வளையாமல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொடையைப் பற்றி இரண்டு கரையிலும் பேச்சு நடந்தது.

மத்லேன் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "அக்கா, அண்ணி கேக்கறாங்க. காப்பி வாசனை வர்றதா, எரியறதா?"

"எரியறது."

"அத விட்டுடுங்கன்றாங்க. அவங்களும் போட்டாங்களாம். தோலுதான் உரிஞ்சிதாம். இப்பல்லாம் துண்டக் கட்டிக்கிட்டேதான் தண்ணி வரைக்கும் போறாங்களாம். உங்களுக்கும் சேத்து ஒரு துண்டு எடுத்து வெக்கறாங்களாம்."

சிமோன் தலையை ஆட்டினாள். ஆறிப்போன காப்பியை மத்லேன் ஒரே மூச்சில் குடித்தாள்.

அவள் போன பிறகு சிமோன் நேராக மதிலுக்குப் போனாள். சுலோசனா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சுலோசனா, நல்லாக் கேட்டுக்க. எனக்கு நோய் ஒண்ணும் கெடையாது. கொழுப்பு."

"அது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே மதாம்" என்றாள் சுலோசனா, துணியை உதறியபடி.

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அவளை லேசில் விட்டிருக்கமாட்டாள். அன்று உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தாள். ழான்-மரி பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப காலுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப நாளைலேர்ந்து பக்கெட்ட நீயே தூக்கிக்குவியா?"

சிமோன் கண்ணை மூடிக்கொண்டாள். தொடை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்களே தூக்குங்க" என்றாள். "பழகிட்டீங்க இல்ல."