கோட்டைச் சுவரின் செர்ரி மரம்

அந்த வாசல் வரை கினுயோ இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டாள். மூன்றாம் முறை முரோயி பார்த்துவிட்டார். கூரையிலிருந்து சரிந்த பனியை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா, மூணு நாளா என் வீட்டு வாசலை அளந்துட்டுப் போற? இதையும் புராதனச் சின்னமா அறிவிக்கப் போறீங்களா?"

ஜப்பானின் மலையூரான ஹினோசவாவில், ஊராட்சி அலுவலகத்தில் பழஞ்சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கினுயோவுக்கு. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. ஊரில் அப்படிப் பார்த்துக்கொள்ளப் பெரிதாக இருந்தது கோட்டை ஒன்றுதான். கோட்டையும் என்றோ எரிந்துபோய், சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர் மட்டும் மிச்சம். சுவர் உச்சியில் ஒரு செர்ரி மரம். எதிர்மலையில் பனி கரையாமல் கிடக்கும் ஏப்ரல் கடைசியில் அது பூக்கும். பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

மரத்தை நட்டவள் முரோயியின் மனைவி மிவா. கடலோர ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வசந்தத்தில், யாரையும் கேட்காமல் கொண்டுபோய் நட்டாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

"மரத்தை வெட்டறதுன்னு முடிவாயிடுச்சு அண்ணே," என்றாள் கினுயோ, ஒரே மூச்சில். "வேர் சுவரைத் தள்ளுது. இந்தக் குளிர்ல மட்டும் கல்லு ரெண்டு விரக்கடை வெளிய வந்திருக்கு. பூவெல்லாம் முடிஞ்சு மே மாசம் வெட்டுவாங்க. கடைசியா ஒரு தடவை பூக்கட்டும்னு நான்தான் கேட்டேன்."

கத்துவார் என்று பயந்துதான் வந்திருந்தாள். அவர் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார்.

"வா, ஒண்ணு காட்டணும்."

அவருக்குக் கணுக்கால் உடைந்து கட்டுப் பிரித்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கோலை ஊன்றிக் கோட்டை மேட்டில் மெதுவாக ஏறினார். சுவரின் இடுப்பளவில் படர்ந்திருந்த கொடியை விலக்கி, இரண்டு கற்களுக்கு நடுவே கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது.

"ரெண்டு விரக்கடையாம். ரெண்டு வருஷமா நகருதும்மா இது."

"இருக்காது. மாசாமாசம் நானே வந்து பாக்கறேன்."

கல்லிடுக்குகளின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை பூசி, அதில் தேதி எழுதி வைத்திருந்தாள். சுவர் அசைந்தால் பட்டை விரிசல் விடும். இந்தக் குளிருக்கு முந்தைய இரண்டு வருடமும் ஒன்றுகூட விரியவில்லை. 'அசைவில்லை' என்றே அறிக்கை எழுதியிருந்தாள்.

"விரிஞ்சுது. விரிஞ்சதை எல்லாம் நான் திரும்பப் பூசிட்டேன். தேதியும் போட்டேன், உன் எழுத்து மாதிரியே. உன் ஏழுதான் கொஞ்சம் வளையும், அது கைக்கு வர நாளாச்சு. இந்த வருஷம் கால் உடைஞ்சதால மேல வர முடியல. அதான் உன் கண்ணுல பட்டுடுச்சு."

கீழே பாதையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கினுயோ அவர்களைப் பார்த்தாள்.

"இது தெரிஞ்சுமா செஞ்சீங்க?"

"இந்த வருஷப் பூ முடிஞ்சதும் சொல்லிடலாம், இந்த வருஷப் பூ முடிஞ்சதும் சொல்லிடலாம்னே ரெண்டு வருஷம் ஓட்டிட்டேன்." அவர் கையை வெளியே இழுத்து மண்ணைத் தட்டினார். "மே வரைக்கும் விடாதே. பனி உருகுன தண்ணி உள்ள இறங்குனா இது நிக்காது. பூத்துட்டாலோ, ஊரே மனு எழுதி உன்னைத் தடுக்கும்."

அவள் விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

மரத்தை உடனே வெட்டியாக வேண்டும் என்று அவள் அலுவலகத்தில் சொன்னதும், பிரிவுத் தலைவர் ஹிருகாவா தலையைச் சொறிந்தார். "பதினோரு பஸ் பதிவாயிருக்கே. சுவரைச் சுத்திக் கயிறு கட்டிடலாமா?"

"கயிறு கல்லைத் தாங்காது சார்."

முரோயி செய்ததை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லாமலும் அன்றிரவு தூங்க முடியவில்லை.

மறுநாள் காலை அவரே அலுவலகத்துக்கு வந்தார். மிவாவின் இறுதிச் சடங்குக்குப் போட்ட கறுப்புக் கோட்டு. வரி கட்ட வந்தவர்கள் நிற்க, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு இடுப்பு மடியக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. அன்று மதியமே பாதையை மூடினார்கள். மரத்தை வெட்ட ஏப்ரல் ஒன்பது என்று நாள் குறித்தார்கள்.

அதற்குப் பிறகு நூடுல்ஸ் கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. நொசாகி என்கிற இளம் தாய் மளிகைக் கடையில் அவரை மறித்து, "என் பொண்ணுங்க ரெண்டு பேரும் அந்த வழியாத்தான் போனாங்க," என்றாள். "ஆமாம்மா," என்றார், அவ்வளவுதான். கவனிக்கத் தவறியதற்காகக் கினுயோவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளும் அவர் எதிரே வந்தால் தெரு மாறிப் போனாள்.

வெட்டிய அன்று மொட்டுகள் சிவந்து புடைத்திருந்தன. பக்கத்து ஊரிலிருந்து வந்த மரவெட்டி தோபே, பாரந்தூக்கியில் நின்றபடி உச்சியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்தான். யாரும் சொல்லி அனுப்பாமலே பெண்கள் வாளிகளோடு வந்து நின்றார்கள். கினுயோ கிளைகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். முரோயி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். அடிமரம் சாய்ந்ததும் வெறுங்கையோடு நடந்துபோனார்.

வெளியே இன்னும் குளிர். வீடுகளுக்குள் அடுப்புச் சூட்டில் நாலே நாளில் மொட்டு அவிழ்ந்தது. முடிதிருத்தும் கடையில், அஞ்சலகத்தில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் பூ. ஹிருகாவா ஊறுகாய் ஜாடியைக் கழுவி, தன் மேசையில் ஒரு கிளை வைத்துக்கொண்டார்.

முரோயி மட்டும் கிளை எடுத்துக்கொள்ளவில்லை என்பது கினுயோவை உறுத்திக்கொண்டே இருந்தது. கோபம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஆறாம் நாள், தன் பங்கில் ஒரு கிளையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே முரோயி ரப்பர் பூட்ஸில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சோறு வடிக்கும் பானை, தேநீர்க் குடுவை, துடைப்ப வாளி எல்லாவற்றிலும் கிளைகள். மிவாவின் படத்துக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை.

"விடிஞ்சா வாசல்ல கிடக்குது. யார் வைக்கறாங்கன்னே தெரியல," என்றார் அவர். "ஒண்ணு மட்டும் நொசாகி வீட்டுது. அவ சின்னப் பொண்ணு கதவைத் தட்டிட்டு ஓடுறதைப் பாத்தேன்."

கினுயோ கையிலிருந்ததை நீட்டினாள். அவர் வாங்கி, சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வீட்டுல இனி ஒரு பாத்திரம் இல்லம்மா."

"இருங்க, எங்க வீட்டுல பெரிய வாளி ஒண்ணு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.