உராய்வுப் பாடம்

பாறசாலையை அடுத்த ஒரு பெண்கள் கல்லூரியில் சங்கரி இயற்பியல் ஆசிரியை. உராய்வைக் கரும்பலகையில் விளக்காமல், மைதானத்தில் தன் ஸ்கூட்டரையே மாணவிகளிடம் ஓட்டக் கொடுத்தாள். அதில் அமிர்தா என்ற மாணவி சறுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

மறுநாள் அமிர்தாவின் அப்பா மோகனன் முதல்வரைப் பார்க்க வந்துவிட்டார். வேலை போயிற்று என்றே எண்ணிக்கொண்டு சங்கரி முதல்வரின் அறைக்குள் போனாள்.

"தப்பு எனக்கதாக்கும்," என்றாள் நின்றபடியே.

"கை ஒரு மாசத்தில சரியாவும் டீச்சர். நான் வந்தது வேற காரியத்துக்கு," என்றார் மோகனன். "அவளுக்க அம்மைக்கும் வண்டி ஓட்டப் படிக்கணுமாம். நான் சொல்லிக்குடுத்தா சண்டையிலதான் முடியுது. வர்ற சனிக்கிழமை உங்க வண்டிப் பாடத்துல அவளையும் சேத்துக்கிடுவியளா?"

முதல்வர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சங்கரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வரச் சொல்லுங்கோ. இனி ஹெல்மெட் இல்லாம ஒருத்தரையும் வண்டியில ஏத்தமாட்டேன்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.