இரண்டாவது கொக்கி

எந்தக் கணினியின் வயிற்றைத் திறப்பதானாலும் மெக்கானிக் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்வார். மின்கம்பியைப் பிடுங்குவார். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் இறங்கிப் போகட்டும் என்று பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொள்வார். பிறகு அறையில் இருப்பவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்பார். மெமரிப் பட்டையைப் பள்ளத்தில் வைத்து இரு கட்டைவிரல்களாலும் அழுத்தினால், இரு முனைகளிலும் உள்ள வெள்ளைக் கொக்கிகள் 'டக், டக்' என்று தாமே நிமிர்ந்து அதைக் கவ்வ வேண்டும். அந்த இரண்டு ஓசையையும் காதால் கேட்டாலொழிய மூடியைப் போடமாட்டார். நாடி பார்க்கிற வைத்தியர் என்று கடைத்தெருவே அவரைக் கேலி செய்தது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அன்று அவரை அச்சகத்துக்கு அழைத்திருந்தார்கள். முதலாளி வாசலிலேயே சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை புதுசா ஒரு பொண்ணு வருது. மெமரி இன்னொண்ணு சேர்த்துப் போட்டுக் குடுங்க. நம்ம ஆமை அக்காவை பைண்டிங்குக்கு மாத்தியாச்சு."

ஆமை அக்கா என்பவர் பதினெட்டு ஆண்டுகளாக அங்கே தட்டச்சும் பக்க அமைப்பும் செய்துவந்த அம்மையார். இரண்டு ஆண்டுகளாகத்தான், பக்க அமைப்புக்குப் புது மென்பொருள் வந்ததிலிருந்து, அவர் வேலையில் மந்தம். ஒரு பக்கம் திரையில் புரள்வதற்குள் டீ ஆறிவிடும். "அதுக்குன்னே மெஷினுக்கு மெமரி ஏத்தியாச்சு. அப்புறம் மெஷின்மேல என்ன குத்தம்?" என்பது முதலாளியின் வாதம். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவரோ மெக்கானிக்கேதான். பிரிண்டரைப் பார்க்க வந்த ஒருநாள், போகிற போக்கில், "என்னக்கா, ஆமையே உங்களை முந்திடும்போல இருக்கே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மையாரும் சிரித்துவைத்தார். சொன்ன வாய் மறந்துபோனது. கேட்ட காது மறக்கவில்லை.

இப்போது அம்மையார் தம் மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார். கண்ணாடிக் கூடு, கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த சிவப்புப் பென்சில்கள், மணிக்கட்டுக்குத் தடவும் தைலம்.

"ஏன் தம்பி, டிஸ்க்குலதான் இடம் கொள்ளையாக் கிடக்குதே. அப்புறம் இந்த மெமரி எதுக்கு?"

"அது நெல்லுக் குதிர் மாதிரி, அக்கா. எவ்வளவு வேணா கொட்டி வைக்கலாம், கரண்ட் போனாலும் அப்படியே இருக்கும். இது முறம். இப்போ புடைக்கிறது மட்டுந்தான் இதுல நிக்கும். முறம் சின்னதா இருந்தா அள்ளி அள்ளிக் கொட்டியே பொழுது போயிடும்."

"என் பொழுதைப் பக்கத்துல நின்னு பாத்தமாதிரி சொல்றீங்க" என்றார் அம்மையார்.

மெக்கானிக் சிரித்தபடியே மூடியைக் கழற்றினார். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே இருந்த இரண்டு பட்டைகளில் ஒன்று ஒரு முனையில் நெல்மணி உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கொக்கி மல்லாந்து கிடந்தது. இடைவெளியில் தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. பட்டையின்மேல் அவர் கையெழுத்திலேயே தேதி. இரண்டு ஆண்டுகள்.

நினைவு வந்தது. மகளின் தேர்வு முடிவு வந்த நாள். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே பட்டையை அழுத்தினார். ஒரு பட்டை போதுமென்று கணினியும் உயிர்பெற்றுக்கொண்டது, அவரும் கிளம்பிவிட்டார். ஊரையே வாய்மூடச் சொல்கிறவர் அன்று தம் வாயை மூடவில்லை.

ஒரே ஒரு அழுத்து போதும். யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை கணினி பறக்கும். புதிய பெண்ணுக்கும் நல்ல பெயர், அவருக்கும் நல்ல பெயர். கட்டைவிரல் பட்டைமீது போய் அமர்ந்தது. பின்னால் அம்மையார் இழுப்பறையைத் துணியால் துடைக்கும் ஓசை கேட்டது. தமக்குப் பின் வருகிறவளுக்காகத் துடைக்கிறார்.

விரலை எடுத்துவிட்டு, "முதலாளி, கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தார்.

"என்ன, பொருந்தலையா?"

"ரெண்டு வருஷமாப் பொருந்தல. போட்டவன் நான். இந்தாங்க, கொக்கி திறந்தே கிடக்கு. தூசியே சாட்சி. ரெண்டு பட்டை வேலையை ஒத்தைப் பட்டை செஞ்சிருக்கு. அக்கா கையில மந்தமே இல்ல. என் கையிலதான் கோளாறு."

முதலாளி குனிந்து பார்த்தார். "அந்தப் பொண்ணை வரச் சொல்லியாச்சே..." என்று முணுமுணுத்தார்.

"அது உங்க பாடு. ஆனா அக்கா இந்த நாற்காலியை விட்டு எழுந்தா, அது என் தப்புக்கு அவங்க பட்ட தண்டனை. அதைத் தெரிஞ்சுக்கிட்டு செய்யுங்க."

அம்மையார் துணியோடு அப்படியே நின்றார். "அப்போ இத்தனை நாளா ஆமை, ஆமைன்னது?"

"ஆமைமேல தப்பில்லக்கா. முயல்தான் தூங்கிடுச்சு. தூங்கினதும் இல்லாம வாயும் ஆடுச்சு. மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பு கிடக்கட்டும். மொதல்ல அதை ஒழுங்கா மாட்டுங்க."

மெக்கானிக் பட்டையை உருவினார். தூரிகையால் பள்ளத்தைச் சுத்தம் செய்தார். பட்டை விளிம்பிலுள்ள வெட்டுவாயைப் பள்ளத்திலுள்ள மேட்டுக்கு நேராக வைத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார். "நீங்களே அழுத்துங்க. முன்னாடி இந்த இரும்பைத் தொட்டுக்கங்க."

அம்மையார் இரும்பைத் தொட்டார். மூக்குக்கண்ணாடியை மேலேற்றினார். பிறகு திரும்பி, முதலாளியை நேருக்கு நேர் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க."

முதலாளியே போய் அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். முதல் கொக்கி 'டக்' என்று கவ்வியது. அடுத்த முனையில் அம்மையாரின் கட்டைவிரல் நகம் வெளுக்க வெளுக்க அழுந்திக்கொண்டிருந்தது. மூன்று பேரும் இரண்டாவது 'டக்'குக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டி நின்றார்கள்.