கை வைக்காத சஹன்

மேற்கே கடலும் கிழக்கே களப்பும் அணைத்திருக்க, மணலும் தென்னையுமாய் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், எத்தாளை என்னும் ஊரின்மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பெருந்தொற்று உலகையே முடக்கியிருந்த அந்நாளிலும், கரையில் மக்கள் தோளோடு தோள் உரசி நின்று மீன் பங்கிட்டனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகைக்கு அழைக்கும் நஸீரின் குரல், நாள்தோறும் மன்றாடிக் கம்மிப்போய் எழுந்தது.

"கூட்டம் கூட வேணாம். ஒரே சஹன்ல சாப்பிட வேணாம். அல்லாஹ்வுக்காகக் கேளுங்க."

"ஓம், சரிதானே" என்று தலையசைத்தவர்கள் அசைந்தபாடில்லை. சஹன் என்னும் ஒரு பெருந்தட்டைச் சூழ்ந்தமர்ந்து பலர் கையிட்டு உண்பதே அவ்வூரில் உறவுக்கு அடையாளம். அதை மறுப்பது உறவையே மறுப்பதாகும்.

அம்மறுப்பு நஸீரின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. மகள் ருஷ்தாவை மனைவி அலீமாவின் தமையன் ஜபாரின் மகனுக்கு மணம் பேசி உறுதிசெய்யும் விருந்தன்று, ஜபார் இருமியபடியே சஹனின் முன் அமர்ந்து அழைத்தார்.

"வாங்க மச்சான், கை வைங்க."

உள்ளறையில், பல்லாண்டு இளைப்பு நோயால் நலிந்த அலீமாவின் மூச்சொலி நஸீரின் செவியில் விழுந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"வேற கோப்பையில சோறு போட்டுத் தாரன், மச்சான். கோவிக்காதீங்க."

"ஊருக்குச் சொல்றத எனக்குமா சொல்றீங்க?" என்று எழுந்த ஜபார், உண்ணாமலே வெளியேறினார். ருஷ்தா அழுதாள், அலீமா கணவனோடு பேசுவதையே விட்டாள். ஊருக்கும் வீட்டுக்கும் ஆகாதவனாகிவிட்டேனே என்று நஸீர் சோர்ந்துபோனார்.

சில நாளில் மருத்துவமனையிலிருந்து ஜபாரின் குரல் தொலைபேசியில் திணறி வந்தது.

"அலீமா சுகமா, மச்சான்?"

"சுகம்தான்."

"அல்ஹம்துலில்லாஹ். அண்டைக்கு நீங்க கை வைக்காதது நல்லம். எண்ட பேரச் சொல்லியே ஊருக்குச் சொல்லுங்க; அப்பத்தான் கேப்பாங்க. நான் வந்தா ஒரே சஹன்தான், என்ன?"

"ஓம், மச்சான்."

அன்று மாலை நஸீர் ஒலிபெருக்கியில் ஜபாரின் பெயரைச் சொல்லியே ஊரை வேண்டினார். கரையில் நின்றோர் ஒருவரையொருவர் நோக்கி, விலகி நடந்தனர். வெறிச்சோடிய மணலைக் கண்டு அவர் மகிழவில்லை; இத்தனை நாள் கத்தியும் கேளாத ஊருக்கு ஓர் உயிரின் தவிப்பு தேவைப்பட்டதே என்று நொந்தார்.

ஜபார் திரும்பி வரவில்லை. ருஷ்தாவின் திருமணம் சிலரோடு நடந்தேறியது. எல்லாரும் தனித்தனித் தட்டில், தள்ளித் தள்ளி அமர்ந்து உண்டனர். அலீமா மட்டும் கழுவித் துடைத்த சஹனொன்றைத் தமையன் அமர்ந்த இடத்தில் வைத்தாள். நஸீர் அதன் வெறுமையில் மெல்லக் கை வைத்தார்.