குடிக்காதவர் எழுதிய குடிகாரன்

தம்பானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சுவாமிதாஸ் இருபத்தாறு சிறுகதைகள் எழுதியிருக்கிறார். ஊரில் அவரை அறிந்தவர்கள் அதற்காக அறிந்தவர்கள் அல்ல. வெள்ளிக்கிழமைதோறும் தேவாலயத்துச் சபைக் கூட்டத்தில் அவர் மதுவுக்கு எதிராகப் பேசுவார். மைக் இல்லாமலே தெருமுனைவரை கேட்கும். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே நண்பர், கீழே ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் ஜெபசிங். வாரத்தில் நாலு நாள் குடிப்பவர். பன்னிரண்டு வருடமாக மாலை நாலு மணிக்கு இருவரும் சேர்ந்துதான் சாயா குடித்தார்கள். ஜெபசிங் தன் பாடுகளைச் சொல்வார், சுவாமிதாஸ் கேட்பார். அந்த நேரத்தில் மட்டும் ஏனோ அவருக்குப் பிரசங்கம் வராது.

நண்பரைப் பற்றி அன்போடு ஒரு கதை எழுதப்போக, அதுவே வினையாயிற்று. கதையில் ஒரு பரோட்டா மாஸ்டர், நல்ல போதையில், மழைக்குள் கைக்குழந்தையோடு நிற்கும் முன்பின் தெரியாத ஒருத்திக்குப் பேருந்து வரும்வரை குடை பிடிக்கிறான். அவள் ஏறிப் போனதும் கால் இடறி ஓடையில் விழுந்து, கிடந்தபடியே சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை எழுதும்போது சுவாமிதாஸுக்குக் கண் கலங்கியது. தன் கதைக்குத் தானே அழுவது அவர் வழக்கம்.

மாதம் ஒரு ஞாயிறு லாட்ஜின் மாடியில் தமிழ் வாசகர் வட்டம் கூடும். ஒருவர் கதையை வாசிக்க, மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். வடை கொண்டுவரும் ஜெபசிங்கும் ஓரமாக நின்று கேட்பார். அந்த மாதம் சுவாமிதாஸின் இந்தக் கதை.

“ஓடையில விழுந்தான் பாருங்கோ, அதுதான் தண்டனை. சூட்சுமமா பண்ணியிருக்கேள்,” என்றார் கரமனையிலிருந்து வரும் வாலாம்பாள் டீச்சர்.

“சாரோட வெள்ளிக்கிழமைப் பிரசங்கமே கதையாட்டு வந்திருக்கு, அல்லே?” என்றான் ஆன்சன். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். வட்டத்தை நடத்துபவனும் அவன்தான்.

சுவாமிதாஸ் எழுந்து அரை மணி நேரம் விளக்கினார். ‘அன்பு’ என்று பதினொரு தடவை சொன்னார். முடிக்கும்போது குரல் தெருமுனைவரை போயிருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு ஜெபசிங் வரவில்லை. சுவாமிதாஸ் சமையல்கட்டுக்கே போனார்.

“நேரமில்ல அண்ணாச்சி,” என்று ஜெபசிங் மாவை ஓங்கி அடித்தார். “பன்னெண்டு வருசமா எங்கதையக் கேட்டது எதுக்குன்னு இப்பம்லா தெரியுது. ஓடையில தள்ளி நாலு பேருக்குக் காட்டத்தான்.”

“உன்னை நல்லவன்னுதான் எழுதினேன்டே.”

“நீங்க எழுதினா அப்படியா வரும்?”

மூன்று வாரம் சுவாமிதாஸ் தனியாகச் சாயா குடித்தார். பிறகு இன்னொரு கதை எழுதி, பெயர் போடாமல் ஆன்சனிடம் கொடுத்தார். பெயரை மறைப்பது பொய்யாகுமா என்று மூன்று நாள் யோசித்து, ஆகாது என்று தனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இதிலும் குடிக்கிற மாஸ்டர்தான். முந்தின நாள் போதையின் தலைவலியோடு, காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்குக் கஞ்சி வைக்கிறான். உப்பை இரண்டு தடவை போட்டுவிடுகிறான். அவர் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடிக்கிறார்.

ஆன்சன் வாசித்து முடித்ததும் இரண்டு பேர் தாளை வாங்கித் திரும்பப் படித்தார்கள்.

“இது அனுபவஸ்தன் எழுதினது,” என்றார் வாலாம்பாள் டீச்சர். “அந்தத் தலைவலியை எழுதக் குடிக்காதவாளால முடியாது. சுவாமிதாஸ், நீங்க இப்படி எழுதக் கத்துக்கணும்.”

சுவாமிதாஸ் பணிவோடு தலையாட்டினார். இருபத்தாறு கதைக்குக் கிடைக்காத பாராட்டு, அவருக்கு எதிராகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஜெபசிங் மாடிப்படியில் அவரை நிறுத்தினார். கண் சிவந்திருந்தது.

“என்னைய மாதிரியே ஒருத்தன் இருக்கான் அண்ணாச்சி. இதை எழுதினது யாரு? உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

தெரியாது என்று சொல்லிவிட்டால் கதை பிழைக்கும். ஆனால் இத்தனை வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்து பொய் சொல்ல விடவில்லை.

“நாந்தான்.”

ஜெபசிங் அவரையே பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, அவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

“எப்பம் தொடங்குனீங்க?”

“என்னத்தை?”

“குடிய.”

“தொட்டதே இல்ல ஜெபசிங்கு. எல்லாம் நீ சொன்னதுதான்.”

“நானும் வீட்டுல இப்படித்தான் சொல்லுவேன். உங்க வீட்டுல மதினிக்குத் தெரியுமா?”

“தெரியறதுக்கு ஒண்ணும் இல்லடே.”

“செரி, நான் சொல்லமாட்டேன்.” பிடித்த கையை ஜெபசிங் விடவில்லை. “இதை மனசுல வச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்க போய் நின்னு பேசிருக்கீங்களே. எவ்வளவு பாடு பட்டிருப்பீங்க. இனி ஒத்தைக்குப் போவண்டாம். நானும் வாறேன்.”

அந்தச் சபைக் கூட்டத்துக்கு நண்பரை அழைக்கப் பன்னிரண்டு வருடமாகச் சுவாமிதாஸுக்கு நா எழுந்ததில்லை. இப்போது, தன் நல்ல பெயர் எந்த நாளில், யார் வாயால் போகும் என்று அவசரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு தன் கையைப் பிடித்திருந்த, எண்ணெய் தெறித்துத் தழும்பேறிய அந்தக் கையைப் பார்த்தார். குடித்ததில்லை என்ற உண்மையை இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. மூன்றாவது தடவை சொல்வது தனக்காக மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியது.

“ஏழு மணிக்கு,” என்றார்.

“அன்னைக்கு மட்டும் தொடாம இருங்க அண்ணாச்சி. கஷ்டமாத்தான் இருக்கும். நானும் இருந்து பாக்கேன்.”

“இருக்கேன் ஜெபசிங்கு,” என்றார் சுவாமிதாஸ்.